டென்ஷன் மீனும் கூல் மீனும்!



கணக்குப் பரீட்சை. மணி அடித்துவிட்டது. கேள்வித்தாள் கைக்கு வந்தாயிற்று. முதல் கேள்வியைப் பார்த்ததுமே நெஞ்சு, 'திக் திக்' என்று அடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. காலையில் சாப்பிட்ட இட்லி வயிற்றுக்குள் கல் மாதிரி கிடக்கிறது. பக்கத்து பெஞ்ச் பையனோ தலையைக்கூடத் தூக்காமல் மளமளவென்று எழுதிக்கொண்டிருக்கிறான்! ஒரே ஹால், ஒரே கேள்வித்தாள். ஒருவருக்கு டென்ஷன், இன்னொருவர் கூல். அது எப்படி?

இதே கேள்வியைச் சில விஞ்ஞானிகள் மீன்களை வைத்துக் கேட்டுப் பார்த்தார்கள். மீனுக்கு ஏது பரீட்சை என்று சிரிக்காதீர்கள். மீனுக்கும் டென்ஷன் வரும். அதுவும் பண்ணையில் வளர்கிற மீனுக்கு நிறையவே வரும்.

நாம் பயப்படும்போது உடம்பில் 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோன் சுரக்கிறது. நமக்குச் சிறுநீரகத்தின் தலைமேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அதைச் சுரக்கிறது. மீனுக்கு அப்படித் தனிக் குல்லா கிடையாது. சிறுநீரகத்தின் முன்பகுதிக்குள்ளேயே அதற்கான செல்கள் கலந்து கிடக்கின்றன. ஆனால், அவை சுரப்பதும் அதே கார்ட்டிசால்தான். வேதியியல் ஆசிரியரிடம் இரண்டையும் கொடுத்தால், எது மாணவனுடையது, எது மீனுடையது என்று அவரால் சொல்ல முடியாது!

வலையைப் பார்த்து மிரண்ட மீனுக்கு முதல் சில நொடிகளில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும். செவுளுக்கு ரத்தம் பெருக்கெடுக்கும். சில நிமிடங்களில் கார்ட்டிசால் ஏறும். ரத்தத்தில் சர்க்கரை கூடும். ஓடித் தப்பிக்கத் தேவையான 'பெட்ரோல்' அதுதானே! பசி போய்விடும். நமக்கும் பரீட்சை ஹாலில் பசிப்பதில்லை அல்லவா, அதே கதைதான்.

மீனுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. செவுளின் தோல் மிக மெல்லியது. நிறைய ஆக்சிஜன் வேண்டும் என்று அது செவுளுக்கு ரத்தத்தைக் கூட்டி அனுப்பும்போது, ஆற்று மீனாக இருந்தால், வெளித் தண்ணீர் உடம்புக்குள் கசிந்துவிடும். உடம்பிலுள்ள உப்பு வெளியே போய்விடும். கடல் மீனுக்கு நேர் எதிர். தண்ணீர் வெளியே போய், உப்பு உள்ளே வரும். ஆக, பயந்துபோன மீன் எதிரியிடமிருந்து தப்பித்தாலும், உப்புக் கணக்கைச் சரிசெய்யத் தனியாகப் பாடுபட வேண்டும்.

கொஞ்ச நேரப் பயம் நல்லதுதான். அது இல்லாவிட்டால் மீன் கொக்கு வாயில் போய் நிற்கும். கார்ட்டிசால் இறங்காமல் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால்தான் வம்பு. மீன் வளராது. நோயை எதிர்க்கும் சக்தி குறையும். சின்னப் புண்கூட ஆறாது.

விண்டர்மியரின் இரண்டு குடும்பங்கள்

ஊட்டிப் பக்கத்து ஓடைகளில் 'டிரவுட்' என்றொரு மீன் உண்டு. அது நம்ம ஊர் மீன் இல்லை. ஆங்கிலேயர்கள் தூண்டில் போட்டுப் பொழுதுபோக்குவதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டது. அவலாஞ்சியில் அதற்கென்று குஞ்சு பொரிக்கும் நிலையமே கட்டினார்கள். பக்கவாட்டில் வானவில் மாதிரி இளஞ்சிவப்புக் கோடு ஓடுவதால், 'ரெயின்போ டிரவுட்' என்று பெயர். அதன் சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குக் கரை. இன்று உலகம் முழுக்கப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் விண்டர்மியர் என்ற அழகான ஏரி இருக்கிறது. அங்கே டாம் பாட்டிங்கர் என்ற விஞ்ஞானி 1990களில் இந்த டிரவுட் மீன்களுக்கு ஒரு 'பரீட்சை' வைத்தார். மீன்களைச் சின்னத் தொட்டியில் சில மணி நேரம் நெருக்கி அடைத்துவைப்பது. பிறகு ஒரு துளி ரத்தம் எடுத்து, கார்ட்டிசால் எவ்வளவு என்று அளப்பது. இப்படித் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தார். ஒரே வயது, ஒரே தீனி, ஒரே தண்ணீர். ஆனாலும் சில மீன்களுக்கு கார்ட்டிசால் எகிறியது. சிலவற்றுக்கு லேசாகத்தான் ஏறியது. அடுத்த முறை பார்த்தாலும் அதே மீன்கள் அப்படியே!

எகிறுகிற மீனுக்கு எகிறுகிற ஜோடி, எகிறாத மீனுக்கு எகிறாத ஜோடி என்று சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார். பிள்ளைகளும் அப்பா அம்மாவைப் போலவே வந்தன. நாம் இவற்றை டென்ஷன் குடும்பம், கூல் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு குடும்பமும் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. புதுத் தொட்டிக்கு மாற்றினால், கூல் மீன் சீக்கிரமே இரை எடுக்க ஆரம்பித்துவிடும். டென்ஷன் மீனுக்குச் சாப்பாடு இறங்கவே நாளாகும். ஒரே அளவுள்ள இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் சண்டை வரும். பெரும்பாலும் கூல் மீன்தான் ஜெயிக்கும்.

அப்படியென்றால் கூல் மீன்தான் கெட்டிக்காரன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்! வழக்கமாக இரை விழும் மூலையை ஒருநாள் மாற்றினார்கள். கூல் மீன் பழைய மூலைக்கே போய்ப் போய்ப் பார்த்தது. டென்ஷன் மீன்தான் மாற்றத்தைச் சட்டென்று புரிந்துகொண்டு புது இடத்துக்குப் போனது. தைரியசாலிகள் பழக்கத்தை விடமாட்டார்கள். பயந்தாங்கொள்ளிகள் சுற்றிலும் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் வகுப்பிலும் இந்த இரண்டு ரகமும் இருக்குமே!

இந்த மீன்களில் சிலவற்றை ஒருமுறை இங்கிலாந்திலிருந்து நார்வே நாட்டுக்கு அனுப்பினார்கள். நீண்ட பயணம். போய் இறங்கியதும் பார்த்தால், கதையே தலைகீழ்! டென்ஷன் மீன்கள் முதலில் இரை எடுத்தன. சண்டையிலும் அவையே ஜெயித்தன. அவற்றின் கார்ட்டிசால் மட்டும் குறையவில்லை, பழையபடி எகிறிக்கொண்டுதான் இருந்தது. பயணத்தில் டென்ஷன் மீன்கள் அதிகம் மெலிந்துபோயிருந்தன. கொலைப்பசி வந்தால் பயந்தாங்கொள்ளியும் புலியாகிவிடும் போலிருக்கிறது. 2008ல் இந்த ஆய்வை வெளியிட்டபோது, 'புறாக்கள் பருந்துகளாகும்போது' என்று அதற்குத் தலைப்பு வைத்தார்கள் அந்த விஞ்ஞானிகள். அங்கே பிறந்த பிள்ளை மீன்களிடம் மறுபடியும் கூல் குடும்பமே சண்டையில் ஜெயித்தது. அதாவது, குணம் பிறவியிலும் வருகிறது. பட்ட பாட்டாலும் கொஞ்சம் மாறுகிறது.

வலிக்குமா?

"எல்லாம் சரி, மீனுக்கு வலிக்குமா?" என்று கேட்கிறீர்களா? பெரியவர்களே இதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2003ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் டிரவுட் மீனின் முகத்தில் வலியை உணரக்கூடிய நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். சில மீன்களின் உதட்டில் தேனீயின் விஷத்தையும், சிலவற்றுக்கு வினிகரில் இருக்குமே அந்த அமிலத்தையும் துளியளவு ஊசியால் ஏற்றினார்கள். மீன்கள் இப்படியும் அப்படியும் ஆடின. அமிலம் ஏறிய மீன்கள், அடியில் கிடந்த சரளைக்கல்லில் உதட்டைத் தேய்த்தன. வேகவேகமாக மூச்சு வாங்கின. மூன்று மணி நேரத்துக்கு மேல் இரையைத் தொடவில்லை. வலி நிவாரணி மருந்து கொடுத்தபோது இந்தத் தவிப்பு குறைந்தது.

மனித மூளையில் இருக்கும் மேலடுக்கு மீனுக்கு இல்லையே, அப்புறம் எப்படி நம்மைப் போல் வலியை உணரும் என்று மறுக்கும் விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். மீன் வாய் திறந்து சொல்லப் போவதில்லை. ஆனால், கல்லில் உதட்டைத் தேய்க்கிற மீனைப் பார்த்த பிறகு, 'அதற்கு ஒன்றும் தெரியாது' என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சின்டெக்ஸ் டேங்கில் ஐந்து மீன்

டிரவுட்டை விட்டு இப்போது அதன் பெரியப்பா மகன் மாதிரியான சால்மன் மீனிடம் போவோம். உலகத்திலேயே அதிகமாக அட்லான்டிக் சால்மன் வளர்க்கும் நாடு நார்வே. மலைகளுக்கு இடையே கடல் நாக்கு நீட்டியதுபோல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும். அந்த அமைதியான தண்ணீரில் வட்ட வட்டமாக வலைக் கூண்டுகளை மிதக்க விடுகிறார்கள். 1970ல் இரண்டு சகோதரர்கள் ஹிட்ரா என்ற தீவில் இப்படி வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று ஒரு பெரிய கூண்டின் குறுக்களவு சுமார் 50 மீட்டர். ஒரு கூண்டில் 2 லட்சம் மீன்கள் வரை விடலாம் என்கிறது அந்த நாட்டு விதி.

இன்னொரு விதியும் உண்டு. 1,000 லிட்டர் தண்ணீருக்கு 25 கிலோ மீனுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இருந்தால், ஒருமுறை போய்ப் பாருங்கள். அதற்குள் ஆளுக்கு 5 கிலோ எடையும், முக்கால் மீட்டர் நீளமும் உள்ள 5 சால்மன்! கூண்டில் டேங்க் மாதிரி நடுவில் சுவர் இல்லை என்பதால் அவை கூட்டமாக வட்டமடித்து நீந்தலாம். ஆனால், காட்டு சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி, மறுபடி பிறந்த ஆற்றுக்கே வருகிற மீன். நினைவிருக்கட்டும்.

இங்கேதான் டென்ஷன் விஷயம் பெரிதாகிறது. ஆற்றில் ஒரு மீனுக்கு இன்னொரு மீன் தொந்தரவு கொடுத்தால், அது வேறு பாறைக்குப் பின்னால் போய்விடும். கூண்டில் எங்கே போவது?

நார்வேயின் கூண்டுகளில் ஒருவகை மீன்களைப் பண்ணைக்காரர்கள் வெகுநாட்களாகக் கவனித்து வந்தார்கள். கூட்டத்தோடு சேராது. ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். தண்ணீரின் மேல்மட்டத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்கும். இரை விழுந்தாலும் எடுக்காது. கையால் அள்ளினால்கூடப் பெரிதாகத் துள்ளாது. 'தோற்றுப்போன மீன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாவம்!

2016ல் விஞ்ஞானிகள் இந்த மீன்களின் மூளையையும் ரத்தத்தையும் ஆராய்ந்தார்கள். கார்ட்டிசால் உச்சத்தில் நின்றது. மூளையில் 'செரட்டோனின்' என்ற ரசாயனமும் ஓய்வே இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. புதிதாக ஒரு தொந்தரவு கொடுத்துப் பார்த்தால், நல்ல மீனுக்கு ஏறுவதுபோல் அவற்றுக்கு மேற்கொண்டு ஒன்றும் ஏறவில்லை. ஏறுவதற்கு மிச்சம் இருந்தால்தானே! நீண்ட நாள் மனச்சோர்வில் தவிக்கிற மனிதர்களிடமும் மற்ற விலங்குகளிடமும் காணப்படும் நிலைமையோடு இது ஒத்துப்போகிறது என்றார்கள் அவர்கள்.

பேன் படுத்தும் பாடு

நமக்குத் தலையில் பேன் வந்தால் அம்மா சீப்பால் வாருவார். சால்மனுக்கும் பேன் உண்டு! கடல் பேன். இறால், நண்டுக்குச் சொந்தக்காரன். மீனின் தோலையும் ரத்தத்தையும் தின்று புண்ணாக்கிவிடும். லட்சக்கணக்கான மீன்கள் ஒரே இடத்தில் இருந்தால் பேனுக்குக் கொண்டாட்டம். பக்கத்தில் நீந்திப் போகிற காட்டு சால்மன் குஞ்சுகளுக்கும் அது தொற்றுகிறது. அதனால், ஒரு மீனுக்குச் சராசரியாக அரைப் பேனுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நார்வேயில் கடுமையான விதி. அரைப் பேன் எப்படி என்று குழம்ப வேண்டாம். வளர்ந்த பெண் பேனாக, இரண்டு மீனுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

முதலில் மருந்து போட்டார்கள். பேன்கள் மருந்துக்குப் பழகிவிட்டன. பேனைப் பொறுக்கித் தின்னும் வேறு சின்ன மீன்களைக் கூண்டுக்குள் விட்டார்கள். அவை நிறையத் தின்றன; நிறையச் செத்தும் போயின. பிறகு கண்டுபிடித்தது, வெந்நீர் வைத்தியம். கூண்டு வலையைச் சுருக்கி, மீன்களை ஒரு மூலைக்கு நெருக்கி, குழாயால் உறிஞ்சி, சூடான தண்ணீருக்குள் அரை நிமிடம் போல ஓடவிட்டு, மறுபடி கடலில் விடுவார்கள். தண்ணீர் 34 டிகிரி வரை இருக்கும். "அட, நம்ம ஊர் வெயிலைவிடக் கம்மிதானே" என்று நினைக்கலாம். ஐந்து, பத்து டிகிரி குளிர்நீரிலேயே வாழ்ந்த மீனுக்கு அது கொதிநீர்! நார்வே விஞ்ஞானிகள் தொட்டியில் சோதித்துப் பார்த்து 2019ல் சொன்னார்கள்: 28 டிகிரிக்கு மேல் போனதும் மீன்கள் வெறிபிடித்ததுபோல் பாய்கின்றன, தலையை உதறுகின்றன, சுவரில் மோதுகின்றன.

பேன் உதிர்ந்துவிடுகிறது, உண்மைதான். ஏற்கெனவே செவுள் நோயோ, இதய நோயோ இருக்கிற மீன் இந்தப் பாட்டைத் தாங்குவதில்லை. 2023ல் மட்டும் நார்வேயின் கடல் கூண்டுகளில் 6 கோடியே 28 லட்சம் சால்மன்கள் அறுவடைக்கு முன்பே செத்துப்போயின. ஆறு மீனுக்கு ஒன்று! நோய், புண், பேன் வைத்தியம், ஜெல்லி மீன் தாக்குதல் என்று காரணங்கள் பல. டென்ஷனில் எதிர்ப்பு சக்தி இழந்த மீனுக்கு இவற்றில் எது வந்தாலும் ஆபத்துதான்.

இதில் ஒரு வேடிக்கையான முரண்பாடு. கோழி, மாட்டைப் போலவே மீனையும் துன்புறுத்தாமல் வளர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கும் நாடும் நார்வேதான். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டத்தில் மீனுக்கும் இடம் கொடுத்தார்கள். சட்டம் இருக்கிறது, மீனும் சாகிறது. ஏனென்றால், எது செய்தால் மீன் நிம்மதியாக இருக்கும் என்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

கூட்டம்தான் காரணம், மீனைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். குளிர்நாட்டில் 'ஆர்க்டிக் சார்' என்றொரு மீன். அதைத் தொட்டியில் குறைவாக விட்டால், ஒன்றிரண்டு ரவுடி மீன்கள் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு மற்றவற்றைத் துரத்தித் துரத்திக் கடிக்கின்றன. கொஞ்சம் நெருக்கமாக விட்டால், யாரைத் துரத்துவது என்று தெரியாமல் ரவுடிகள் அடங்கிவிடுகின்றன. எல்லாம் நன்றாக வளர்கின்றன! ஒவ்வொரு மீனுக்கும் கணக்கு வேறு.

புள்ளி சொல்லும் ரகசியம்

சால்மன், டிரவுட் மீன்களின் தோலில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். 2009ல் ஓர் ஆய்வு வந்தது. புள்ளி அதிகமுள்ள மீனுக்கு கார்ட்டிசால் குறைவாக ஏறுகிறது. புள்ளி குறைந்த மீனுக்கு அதிகமாக ஏறுகிறது. ரத்தம் எடுக்காமல், மேலே பார்த்தே 'இது கூல் பார்ட்டியாக இருக்கலாம்' என்று ஊகிக்க ஒரு வழி!

அப்படியானால், புள்ளி நிறைந்த கூல் மீன்களை மட்டும் வளர்த்துவிடலாமே? சிலர் அப்படித்தான் யோசிக்கிறார்கள். ஆனால், பழைய மூலைக்கே போய்ப் போய்ப் பார்த்ததே, அந்த மீனை மறந்துவிடாதீர்கள். சண்டைக்கு முதலில் நிற்பதும் அதே கூல் மீன்தான். கூண்டு முழுக்க அதுவே இருந்தால் என்னாகும்? அதோடு, கூண்டைச் சரி செய்யாமல் மீனைச் சரி செய்யப் பார்ப்பது, வகுப்பறையில் மின்விசிறி போடாமல், வியர்க்காத மாணவர்களாகப் பார்த்துச் சேர்ப்பது மாதிரி இருக்கிறது எனக்கு.

இன்னொரு வழி, பயத்தையே பழக்கமாக்குவது. நார்வேயில் சால்மன் தொட்டிகளில் பளிச் பளிச் என்று விளக்கை மின்னவைத்தார்கள். மீன்கள் அலறியடித்துக்கொண்டு விலகின. ஒவ்வொரு முறை விளக்கு மின்னிய பிறகும் இரை போட்டார்கள். கொஞ்ச நாளில், விளக்கு மின்னியதுமே மீன்கள் இரை விழும் இடத்துக்கு முந்தியடித்து வந்து நின்றன. அதே வெளிச்சம்தான், அதற்கு அர்த்தம் மாறிவிட்டது. 2010ல் வெளியான ஆய்வு இது.

பண்ணை என்றால் ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். மீன், இறால், சிப்பி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், கடலிலும் ஆற்றிலும் பிடித்ததைவிட வளர்த்தது அதிகம் என்ற நிலைமை 2022ல் முதல்முறையாக வந்துவிட்டது. மீன் மார்க்கெட்டில் பார்க்கும் கட்லா, ரோகு எல்லாம்கூடப் பெரும்பாலும் குளத்தில் வளர்த்தவைதான்.

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் குட்டி விஞ்ஞானிதான். அடுத்த முறை அப்பா தொட்டியைச் சுத்தம் செய்து முடித்ததும், கண்ணாடியைத் தட்டாமல் தள்ளி உட்காருங்கள். தண்ணீருக்குள் அந்தத் தட்டல் இடி மாதிரி கேட்கும். வழக்கம்போல் இரை போடுங்கள். முதலில் மேலே வருவது எந்த மீன்? செடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடைசியில் வருவது எது? ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். நாலைந்து முறை எழுதிய பிறகு, இரை விழும் மூலையை மாற்றிப் பாருங்கள்.